இரண்டு வார்த்தைக்கு 3,19,500 ரூபாய்

2018 அக்டோபர். தீபாவளிக்கு மூன்று வாரம் இருந்தது. சின்னாளப்பட்டியில் சின்னதாக ஒரு தையல் கடை வைத்திருக்கிறேன். வெட்டிப்போட்ட ஜாக்கெட் துணி மட்டும் அறுபதுக்கு மேல் கிடந்தது. லைனிங் துணியும் நூல்கண்டும் தீர்ந்துபோய்விட, திண்டுக்கல் போய் வாங்கிக்கொண்டு மதுரை நான்குவழிச் சாலையில் திரும்பிக்கொண்டிருந்தேன். தலையில் ஹெல்மெட் இருந்தது, பையில் லைசென்ஸ் இருந்தது, வண்டி இடதோரமாகத்தான் போனது. இதை ஏன் சொல்கிறேன் என்றால், பின்னால் என்னைக் கூண்டில் நிறுத்தி முதலில் கேட்டதே இதைத்தான். அசுர வேகத்தில் வந்த கார் ஒன்று, முன்னால் போன லாரியை இடப்பக்கமாக முந்தப் பார்த்து என் வண்டியை இடித்தது. வலது கால் முழங்காலுக்குக் கீழே முறிந்து, கணுக்காலும் நொறுங்கியது.

ஓட்டி வந்தவர் நல்ல பிள்ளை போலத்தான் இருந்தார். தன் காரிலேயே ஏற்றி ஒரு தனியார் மருத்துவமனைக்குக் கொண்டுபோனார். தகவல் தெரிந்து என் மச்சினன் ஓடிவந்தான். வரவேற்பில் இருந்தவர்கள், "போலீஸ் கேஸ்னா இங்க அட்மிஷன் போட முடியாது, ஜி.எச்.சுக்குக் கொண்டுபோங்க" என்றார்கள். கார்க்காரர் மச்சினனைத் தனியாகக் கூப்பிட்டு, "கேஸெல்லாம் எதுக்குண்ணே, ஆகுற செலவை நான் பாத்துக்கிறேன்" என்று சொல்லி 10,000 ரூபாயை அட்வான்ஸாகக் கட்டினார். டியூட்டி டாக்டர் வந்து எப்படி அடிபட்டது என்று கேட்டார். மச்சினன் சொன்னான்: "வண்டி வழுக்கி விழுந்துட்டாரு சார்."

டாக்டர் எழுதிக்கொண்டது இரண்டே வார்த்தை. செல்ஃப் ஸ்கிட்.

எனக்கும் அது காதில் விழுந்தது. வலியில் மறுத்துப் பேச முடியவில்லை என்றுதான் ரொம்ப நாள் சொல்லிக்கொண்டு திரிந்தேன். ஆபரேஷனுக்குப் பணம் தருகிறேன் என்று ஒருவர் நிற்கிறார் என்ற நிம்மதியும் அந்த வாயை மூடியது என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் சொன்னவன் மச்சினன்தான். "உங்க உசுரைக் காப்பாத்தத்தானே மாமா சொன்னேன்" என்று இன்றைக்கும் சாதிக்கிறான். அடிபட்டு வருகிறவருக்கு எந்தச் சம்பிரதாயத்துக்கும் காத்திராமல் உடனே சிகிச்சை தர வேண்டியது டாக்டரின் கடமை என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஆம் பிரிவே சொல்கிறது. அதை வரவேற்பு மேஜையில் நின்று எடுத்துச் சொல்ல எங்களில் ஒருவருக்கும் தெரியவில்லை. உங்களுக்கு இப்போது தெரிந்துவிட்டது.

நான்காம் நாள் கார்க்காரரின் போன் ஸ்விட்ச் ஆஃப். ராடு வைத்து ஆபரேஷன் முடிந்து, மாதம் இரண்டு வட்டிக்குக் கடன் வாங்கி பில் கட்டி வீட்டுக்கு வந்தபோதுதான் புத்தி வந்தது. பதினோராம் நாள் ஸ்டேஷனுக்குப் போனோம். "இத்தனை நாளு என்னய்யா பண்ணினீங்க?" என்றுதான் வரவேற்றார்கள். ஒருவழியாக எஃப்.ஐ.ஆர். போட்டார்கள். பக்கத்து பெட்ரோல் பங்க்கில் கேமரா இருந்தது, ஆனால் பழைய பதிவு அழிந்து அதன்மேல் புதுப் பதிவு ஏறியிருந்தது. முதல் இரண்டு மூன்று நாளில் போயிருந்தால் அந்தக் கார் வந்த வேகத்தை நீதிபதியே பார்த்திருப்பார். அங்கே டீக்கடை வைத்திருந்த பெரியவர் மட்டும் சாட்சி சொல்ல வந்தார். என் சொந்தக்காரர்கள் அத்தனை பேரையும்விட எனக்கு உதவினவர் அவர்தான்.

எஃப்.ஐ.ஆர். தாமதமாவது விபத்து வழக்கில் பெரிய குற்றமில்லை. உயிரைக் காப்பாற்றுவதா, ஸ்டேஷனுக்கு ஓடுவதா என்ற நிலையில் இருப்பவர்களைத் தாமதத்தைக் காட்டி மட்டுமே தள்ளிவிடக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2011இலேயே சொல்லிவிட்டது. ஏ.ஆர். (ஆக்சிடென்ட் ரிஜிஸ்டர்) அப்படியில்லை. கேஷுவாலிட்டியில் எழுதும் அந்த விபத்துப் பதிவுதான் முதல் காகிதம். வழக்கு, வக்கீல், நஷ்டஈடு என்ற நினைப்பே வருவதற்கு முன்னால் சொன்னது என்பதால் நீதிமன்றத்தில் அதற்கு மதிப்பு அதிகம். பதினோரு நாள் கழித்து நான் சொன்ன உண்மையைவிட, அரை மணி நேரத்தில் மச்சினன் சொன்ன பொய்க்கு எடை கூடிவிட்டது.

மற்ற காகிதங்களைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. காயச் சான்று, டிஸ்சார்ஜ் சம்மரி, எக்ஸ்ரே, மருந்து பில், காரின் ஆர்.சி., இன்சூரன்ஸ், குற்றப்பத்திரிகை எல்லாம் வக்கீலின் குமாஸ்தா பார்த்துக்கொள்வார். அசலை மட்டும் கையை விட்டு விடாதீர்கள், ஜெராக்ஸ் கொடுங்கள். வார்டுக்குள்ளேயே விசிட்டிங் கார்டோடு வருகிற புரோக்கரைத் திருப்பி அனுப்பிவிடுங்கள். வருகிற பணத்தில் இத்தனை சதவீதம் என்று வக்கீல் பீஸ் பேசக் கூடாது என்பது பார் கவுன்சில் விதி. ஊர் வழக்கம் வேறு என்பது எனக்கும் தெரியும். விபத்து நடந்த ஊரில்தான் வழக்குப் போட வேண்டும் என்றில்லை, நீங்கள் குடியிருக்கும் ஊரின் தீர்ப்பாயத்திலும் போடலாம். நான் 2019 மார்ச்சில் மனு போட்டேன்.

அடுத்த இடி வருமானத்தில் விழுந்தது. மாதம் 18,000 ரூபாய்க்குக் குறையாமல் சம்பாதித்துக்கொண்டிருந்தேன். கையில் இருந்த அத்தாட்சி, கார்பன் வைத்துப் பில் போடாத ஒரு கோடுபோட்ட நோட்டு மட்டும். நீங்களும் அப்படித்தான் வைத்திருப்பீர்கள். நீதிமன்றம் 10,000 என்று தானாக ஒரு தொகையை எடுத்துக்கொண்டது. பள்ளிக்கூடத்துக்குச் சீருடை தைத்த காசை மட்டுமாவது வங்கி வழியாக வாங்கியிருந்தால் இது ஏறியிருக்கும்.

மருத்துவக் குழு எனக்கு 35 சதவீத ஊனம் என்று சான்று தந்தது. இங்கேதான் நம் ஆட்கள் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். நம் பக்கத்துத் தீர்ப்பாயங்களில், ஒரு சதவீதத்துக்கு இத்தனை ஆயிரம் என்று பெருக்கித் தருகிற முறை ஒன்று உண்டு. சதவீதத்துக்கு 4,000 போட்டால் 1,40,000 ரூபாயோடு வீட்டுக்குப் போக வேண்டியதுதான். இன்சூரன்ஸ் வக்கீல் அதைத்தான் கேட்டார். இன்னொரு வழி, அந்த ஊனத்தால் உங்கள் தொழிலில் எவ்வளவு வருமானம் போனது என்று பார்ப்பது. ராஜ்குமார் வழக்கில் 2010இல் உச்ச நீதிமன்றம் சொன்னது இது. இடது கை போனால் தச்சருக்கும் டிரைவருக்கும் பிழைப்பே போய்விடும், அரசு அலுவலக எழுத்தருக்கு வேலை போகாமலும் இருக்கலாம் என்று அந்தத் தீர்ப்பில் விளக்கியிருக்கிறார்கள்.

குறுக்கு விசாரணையில் அந்த வக்கீல் சிரித்துக்கொண்டே கேட்டார்: "தையலுக்குக் கைதானே வேணும்? உங்க கை நல்லாத்தானே இருக்கு?"

"கை துணியைத்தான் ஓட்டும் அய்யா. மிஷினை ஓட்டுறது கால்" என்றேன். கால் மிஷினாக இருந்தாலும் மோட்டார் மாட்டியதாக இருந்தாலும் வேகத்தைக் கூட்டுவதும் குறைப்பதும் பாதம்தான். கணுக்கால் மடங்காதவன் வளைவுத் தையலை எப்படி நிறுத்தி நிறுத்திப் போடுவான் என்று விளக்கினேன். நீதிபதி பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார். என் வக்கீல் மூன்று வருடமாகப் பேசியதைவிட அந்த ஐந்து நிமிடம் எனக்கு அதிகம் சம்பாதித்துக் கொடுத்தது. இதைச் சொல்வதில் எனக்கு வெட்கமே இல்லை. உங்கள் தொழிலை உங்களைவிட வக்கீலுக்கு நன்றாகத் தெரியாது.

கொரோனாவில் நீதிமன்றம் முடங்கிக் கிடந்து திரும்ப ஓடத் தொடங்கியதும், மக்கள் நீதிமன்றத்தில் மூன்றரை லட்சத்துக்குப் பேசி முடிக்கலாம் என்றார்கள். அங்கே முடித்தால் மேல்முறையீடு கிடையாது. மனைவி வீட்டார் மொத்தமாக வந்து உட்கார்ந்து, "வந்தவரைக்கும் லாபம், வாங்கிட்டு விடுங்க" என்றார்கள். மச்சினன்தான் அதில் அதிகம் பேசினான். நான் கையெழுத்துப் போடவில்லை. இரண்டு மாதம் வீட்டில் யாரும் முகம் கொடுத்துப் பேசவில்லை.

2022 நவம்பரில் தீர்ப்பு வந்தது. தொழில் இழப்பு 30 சதவீதம் என்று முடிவு செய்தார்கள். கணக்கைக் கேளுங்கள். மாத வருமானம் 10,000. நாற்பது வயதுக்குள் சொந்தத் தொழில் என்பதால் எதிர்கால உயர்வுக்கு 40 சதவீதம் சேர்த்து 14,000. வருடத்துக்கு 1,68,000. விபத்தின்போது எனக்கு 38 வயது, சரளா வர்மா வழக்கின் அட்டவணைப்படி 15ஆல் பெருக்கினால் 25,20,000. அதில் 30 சதவீதம் 7,56,000. மருத்துவச் செலவு 2,14,000, வலி வேதனைக்கு 70,000, சத்துணவு, போக்குவரத்து, கூட இருந்து பார்த்தவருக்கு என்று 25,000. ஆக மொத்தம் 10,65,000 ரூபாய்.

தீர்ப்பின் அடுத்த பத்தியைப் படிக்கும்போது வக்கீலின் குரலே இறங்கிவிட்டது. முதல் மருத்துவப் பதிவில் தானாக வழுக்கி விழுந்ததாக இருப்பதால் மனுதாரரும் வண்டியைச் சரியாகக் கட்டுப்படுத்தவில்லை என்று கருதி, அவர் பங்குக்கு 30 சதவீதம் கழிக்கப்படுகிறது. 3,19,500 ரூபாய். ஒரு வார்த்தைக்கு 1,59,750. மிஞ்சியது 7,45,500, மனு போட்ட நாளிலிருந்து 7.5 சதவீத வட்டியோடு. அதே காலத்தில் நான் வாங்கிய கடனுக்கு வருடத்துக்கு 24 சதவீதம் வட்டி கட்டிக்கொண்டிருந்தேன்.

உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்கு ஏன் அப்பீல் போகவில்லை என்று கடைக்கு வருகிற எல்லோரும் கேட்கிறார்கள். நான் போனால் இன்சூரன்ஸ்காரர்களும் போவார்கள், இன்னும் மூன்று நான்கு வருடம் ஆகும் என்றார் வக்கீல். கேட்கிறவர்கள் யாரும் என் வட்டியைக் கட்டப்போவதில்லை. நான் செய்தது சரிதான். தீர்ப்புக்குப் பிறகு கார்க்காரர் குற்றத்தை ஒப்புக்கொண்டு 1,500 ரூபாய் அபராதம் கட்டிவிட்டுப் போனார் என்று கேள்விப்பட்டேன்.

எனக்கு இருந்த அவகாசம் உங்களுக்கு இல்லை. 2022 ஏப்ரல் 1 முதல், விபத்து நடந்து ஆறு மாதத்துக்குள் மனு போட வேண்டும் என்று சட்டம் மாறியிருக்கிறது. கட்டுப் பிரிக்கட்டும், நல்ல நாள் பார்க்கலாம் என்று இருந்துவிடாதீர்கள். வீட்டுக்கு விபத்து என்று போன் வந்தால், ஆஸ்பத்திரிக்கு முதலில் ஓடுகிறவரிடம் இதைச் சொல்லி அனுப்புங்கள்: இடித்த வண்டியின் நம்பர், இடம், நேரம் மூன்றும் டாக்டர் எழுதும் முதல் காகிதத்தில் ஏற வேண்டும். எழுதி முடித்ததும், என்ன எழுதினீர்கள் என்று அங்கேயே படித்துக் காட்டச் சொல்லுங்கள்.