ரிப்போர்ட்டில் ஒன்றுமில்லை, உடம்பெல்லாம் வலி

பங்காருபேட்டையில் விடியுமுன் எழுந்து பெங்களூரு ரயிலைப் பிடிக்கிறவர்களிடம் போய் ‘உடம்பு வலிக்குது’ என்றால், ‘யாருக்குத்தான் வலிக்கல?’ என்பார்கள். 2001 பிப்ரவரியில் கோலார் தங்கச்சுரங்கம் மூடியபிறகு, மாரிக்குப்பம் தொடங்கி இந்த ஜங்ஷன் வரை எத்தனையோ வீடுகளுக்குச் சோறு போடுவது சுமார் எழுபது கிலோமீட்டருக்கு அப்பாலிருக்கும் அந்த நகரம்தான். எல்லோரும் களைத்திருக்கும் ஊரில் ஃபைப்ரோமயால்ஜியா என்ற வலிநோய் எளிதில் ஒளிந்துகொள்ளும்.

ஓய்வெடுத்தால் தீர்கிற வலியல்ல அது. மூன்று மாதத்துக்கு மேலாக இடுப்புக்கு மேலும் கீழும், இடமும் வலமும் வலிக்கும். தூங்கி எழுந்தாலும் அசதி போகாது. சொல்ல வந்த வார்த்தை மறந்துபோகும். தசையோ மூட்டோ கெட்டுப்போகவில்லை. மூளையும் தண்டுவடமும் வலிச் செய்தியைக் கூட்டிக் காட்டுகின்றன. டிபன் பையின் வார் தோளில் பட்டாலே வலிப்பது அதனால்தான். ரத்தப் பரிசோதனையிலும் எக்ஸ்ரேயிலும் இது தெரியாது. தெரியாததாலேயே பொய் வலி என்று சொல்கிறவர்கள் வீட்டிலும் உண்டு, கிளினிக்கிலும் உண்டு. உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில் இதற்கு இடம் இருக்கிறது என்பதை அவர்களிடம் சொல்லலாம்.

முதல் வேலை, வேறு நோய் இல்லை என்று உறுதி செய்வது. டாக்டரிடம் போகுமுன் இரண்டு வாரத்துக்கு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்: எங்கெங்கே வலி, எத்தனை மணி நேரத் தூக்கம், எழும்போது எப்படி இருந்தது. கோலார் எஸ்.என்.ஆர். மாவட்ட மருத்துவமனையிலோ டமக்காவில் உள்ள ஜாலப்பா மருத்துவமனையிலோ பொது மருத்துவரைப் பார்த்தாலே தொடங்கிவிடலாம். தைராய்டு, ரத்த அணுக்கள், இ.எஸ்.ஆர்., வைட்டமின் டி, பி12 ஆகியவற்றைப் பார்க்கச் சொல்வார்கள். அறிகுறி வேறெதையும் காட்டாதபோது உடம்பு முழுக்க எம்.ஆர்.ஐ. எடுப்பது வீண் செலவு.

இந்த மாவட்டத்துக்கென்று இன்னொரு சந்தேகம் உண்டு. கோலார் மாவட்டத்தின் பல ஊர்களில் ஆழ்துளைக் கிணற்று நீரில் ஃபுளோரைடு அதிகம். லிட்டருக்கு ஒன்றரை மில்லிகிராமைத் தாண்டிய நீரை வருடக்கணக்காகக் குடித்தால் எலும்பும் மூட்டும் இறுகி வலிக்கும். பல்லில் பழுப்புக் கறை, குனிய முடியாத முதுகு என்றிருந்தால் டாக்டரிடம் அதைத் தனியாகச் சொல்லுங்கள். நீரையும் சோதிக்கக் கொடுங்கள். மூட்டு வீக்கம், காய்ச்சல், காரணமில்லாமல் எடை குறைவது, ஒரு கையோ காலோ பலமிழப்பது எதுவும் ஃபைப்ரோமயால்ஜியாவின் வேலையல்ல. அவற்றுக்குத் தாமதிக்கக் கூடாது.

நோய் இதுதான் என்று தெரிந்தபின், மாத்திரையைவிட நடைக்குத்தான் வலுவான ஆதாரம் இருக்கிறது. ஐரோப்பிய வாதநோய் மருத்துவர்கள் 2017இல் வெளியிட்ட பரிந்துரைகளில் ஐயமின்றி வலியுறுத்தப்பட்டது உடற்பயிற்சி ஒன்றுதான். ஆனால் எல்லோரும் சறுக்குவதும் இங்கேதான். வலி குறைந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு வாரத் துணியைத் துவைத்து, வீடு கழுவி, மாவாட்டி முடித்தால் திங்கள் முதல் வியாழன் வரை படுக்கைதான். நல்ல நாளோ கெட்ட நாளோ, ஐந்து நிமிடம் நடங்கள். அதற்கு மேல் வேண்டாம். ஒரு வாரம் தாங்கினால் ஓரிரண்டு நிமிடம் கூட்டுங்கள். அரை மணி நேரத்தை எட்ட மாதங்கள் ஆகலாம். பலன் தெரியவே ஆறு வாரமாவது பிடிக்கும். துணியையும் இரண்டு நாளாகப் பிரித்துத் துவையுங்கள்.

ரயிலில் உட்கார இடம் கிடைத்தால் அசையாமல் இருந்துவிடாதீர்கள். மாலூர் வந்தால் ஒருமுறை, ஒயிட்ஃபீல்டு வந்தால் ஒருமுறை எழுந்து நின்று தோளைச் சுழற்றுங்கள். பை மடியில் இருக்கட்டும். காலை ரயிலில் கண்ணயர்ந்தால் பரவாயில்லை. திரும்பும் ரயிலில் தூங்கினால் இரவுத் தூக்கம் கெடும். தூக்கம் கெட்ட மறுநாள் வலி ஏறுவதை உங்கள் நோட்டே காட்டும். லீவு நாளிலும் எழும் நேரத்தை மிகவும் தள்ளிப்போடாதீர்கள். மாலை டீயோடு அன்றைய டீக்கணக்கை முடித்துக்கொள்ளுங்கள். சாப்பாட்டில் பெரிய தடை எதுவும் இல்லை. நம்மூர் பானிபூரியை விட்டால் வலி போகும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

மருந்து தேவைப்பட்டால், இரவில் குறைந்த அளவு அமிட்ரிப்டிலின், அல்லது டுலோக்செட்டின், பிரீகாபலின் என்று டாக்டர் எழுதலாம். சிலருக்கு நன்றாகக் கேட்கும், சிலருக்குத் தலைசுற்றல்தான் மிஞ்சும். இவற்றைத் திடீரென்று நிறுத்தக் கூடாது. மெடிக்கல் கடையில் தினமும் வாங்கிப் போடும் டைக்ளோஃபினாக் இந்த வலிக்கு அவ்வளவாக உதவாது, சிறுநீரகத்தையும் வயிற்றையும் கெடுக்கும். வாரம் ஒருமுறை ‘வலி ஊசி’ போடுகிற இடத்துக்குப் போகிறீர்கள் என்றால், ஊசியில் ஸ்டீராய்டு இருக்கிறதா என்று கேளுங்கள். ஃபைப்ரோமயால்ஜியாவுக்கு ஸ்டீராய்டு பயன்படாது. மனச்சோர்வு கூட இருந்தால் அதற்கும் சிகிச்சை எடுத்துக்கொள்ளுங்கள். அதனால் வலி பொய்யென்று ஆகிவிடாது.

வலி திடீரென்று ஏறும் நாட்கள் வரத்தான் செய்யும். அன்று நடையைப் பாதியாகக் குறையுங்கள், நிறுத்த வேண்டாம். வெந்நீரில் குளியுங்கள். எந்த வேலையை யார் எடுத்துக்கொள்வது என்று வீட்டில் முன்கூட்டியே பேசி வைத்திருங்கள். ‘இன்னைக்கு முடியல’ என்ற ஒரு வார்த்தைக்கே குடத்தைத் தூக்க ஆள் எழுந்து வர வேண்டும். மூன்று மாதம் கழித்து டாக்டரிடம் திரும்பப் போகும்போது அந்த நோட்டையும் எடுத்துச் செல்லுங்கள். வலி எத்தனை மார்க் என்று கேட்பதோடு நிற்காமல், எவ்வளவு நடக்கிறீர்கள், எத்தனை நாள் வேலைக்குப் போனீர்கள் என்றும் அவர் பார்க்கட்டும்.