மழை பொய்த்தால் மந்தை பிழைக்குமா?

ஆப்பிரிக்காவில் வருடக்கணக்கில் மழை இல்லாவிட்டால் மாடு மேய்ப்பவர்கள் என்னதான் செய்வார்கள்?
— வாசகி, விளாத்திகுளம்

தெற்கு எத்தியோப்பியாவின் போரானா மக்கள் மழை தவறுவதற்கு முன்பே தயாராகிவிடுகிறார்கள். கன்றுகளுக்கும் நோஞ்சான் மாடுகளுக்கும் என்று தனியாக ஒரு புல்வெளியை ஒதுக்கி வைப்பார்கள். கறவை மாடுகள் வீட்டோடு நிற்க, மற்றவற்றை இளைஞர்கள் தொலைதூர மேய்ச்சலுக்கு ஓட்டிப்போவார்கள்.

தண்ணீருக்கு 'துலா' எனும் ஆழ்கிணறுகள் உண்டு. உள்ளே படிப்படியாக ஆட்கள் நின்று, பாடிக்கொண்டே வாளியைக் கைமாற்றி மேலே அனுப்புவார்கள். எந்த மந்தைக்கு எப்போது முறை என்று பார்க்கவே ஒரு பொறுப்பாளர் இருக்கிறார்.

எனக்கு மிகவும் பிடித்தது 'பூசா கொனோஃபா': மந்தையை இழந்தவருக்குக் குலத்தாரே மாடு கொடுத்து நிமிர்த்திவிடுவார்கள். ஆனால் 2020 முதல் 2022 வரை அடுத்தடுத்து ஐந்து பருவமழை பொய்த்தபோது, கொடுப்பவர்களின் மந்தையும் கரைந்துபோனது. வறட்சியிலும் பால் தரும் ஒட்டகத்துக்குப் பலர் மாறிவருகிறார்கள்.