பாம்ப்ஷெல்லை வாங்கும் முன்

ஆகுர்டி, புணே

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

நீ அனுப்பிய போட்டோக்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பழைய பாம்ப்ஷெல் பொம்மை, ஒரிஜினல்தான் என்று விற்கிறவர் சொல்கிறார், வாங்கலாமா என்று கேட்டிருக்கிறாய். போட்டோவை மட்டும் வைத்து நான் தீர்ப்புச் சொல்ல முடியாது. எதை எதைப் பார்க்க வேண்டும் என்று எழுதுகிறேன், நீயே முடிவெடு.

முதலில் அதன் பூர்வீகம். 1984இல் அமெரிக்காவின் ஹாஸ்ப்ரோ, ஜப்பானின் டகாரா கம்பெனி செய்துவந்த, ரோபோவாக உருமாறும் பொம்மைகளை எடுத்து டிரான்ஸ்ஃபார்மர்ஸ் என்ற பெயரில் விற்கத் தொடங்கியது. 1985இல் அதில் இன்செக்டிகான்கள் என்ற பூச்சிப் பொம்மைகள் வந்தன. காண்டாமிருக வண்டு பாம்ப்ஷெல், வெட்டுக்கிளி கிக்பேக், பெருந்தாடை வண்டு ஷ்ராப்னல். மூன்றும் டகாராவின் டயாகுளோன் வரிசையில் ஏற்கெனவே இருந்தவை. அங்கே உள்ளே உட்கார ஒரு குட்டி ஓட்டுநர் உண்டு. ஹாஸ்ப்ரோ அவனைச் சேர்க்கவில்லை. அதே ஆண்டில் பாரேஜ் என்று இன்னொரு காண்டாமிருக வண்டும் வந்தது. அதன் அச்சு டகாராவுடையதல்ல. டகாடோகு என்ற வேறு கம்பெனியின் பீட்ராஸ் வரிசையிலிருந்து வந்தது. டிரான்ஸ்ஃபார்மர்ஸ் டிவி கார்ட்டூனில் பாரேஜ் வரவே இல்லை. விற்கிறவர் இரண்டில் எதைச் சொல்கிறார் என்று முதலில் உறுதிசெய்துகொள்.

அடுத்து, பூச்சி. உங்கள் பொள்ளாச்சித் தோப்பில் தென்னங்குருத்தைக் குடைகிறதே, அந்த வண்டின் இனம்தான் இது. அங்கே கம்பியால் குத்தி எடுத்துக் கொல்கிறோம். ஜப்பானில் அதன் உறவுக்கார வண்டைப் பிள்ளைகள் ஆசையாக வளர்க்கிறார்கள், கடையில் காசு கொடுத்தே வாங்குகிறார்கள். அந்தப் பிரியத்திலிருந்து பிறந்த பொம்மையை எடைபோட, தோப்பில் கிடைக்கிற வண்டைவிட நல்ல அளவுகோல் இல்லை. ஒன்றைப் பக்கத்தில் வைத்துப் பார். ஆறு கால், வளைந்த கொம்பு, முதுகின் நடுவில் கோடு போட்டதுபோல் சேரும் இரண்டு கெட்டிச் சிறகு. பொம்மை ரோபோவாக எழுந்து நிற்கும்போது இவையெல்லாம் எங்கே போகின்றன? கையாகவோ மார்பாகவோ ஒரு வேலையோடு போய்ச் சேர்ந்தால் அது நல்ல வடிவமைப்பு. முதுகில் மூட்டையாகத் தொங்கினால் வடிவமைத்தவர் பாதியில் விட்டுவிட்டார் என்று அர்த்தம்.

இனி என் தொழில். இங்கே ஆகுர்டியிலிருந்து போசரிவரை வண்டிகளுக்குப் பிளாஸ்டிக் பாகம் அடிக்கும் மோல்டிங் ஷாப்கள் நிறைய. அங்கே பழகிய கண்ணுக்கு டூப்ளிகேட் ஓரளவு பிடிபடும். உருகிய ஏபிஎஸ் பிளாஸ்டிக் டைக்குள், அதாவது அச்சுக்குள், ஆறும்போது ஏறக்குறைய அரை சதவீதம் சுருங்கும். அசல் டை வெட்டுகிறவர் அதைக் கணக்கில் சேர்த்தே கொஞ்சம் பெரிதாக வெட்டுவார். ஒரிஜினல் பொம்மையையே மாதிரியாக வைத்து டை எடுக்கிறவர் அதைச் சேர்க்காவிட்டால், இரண்டாம் முறையும் சுருங்கும். 60 மி.மீ. நீளப் பாகத்தில் 0.3 மி.மீ. குறையும். கண்ணுக்குத் தெரியாது, வெர்னியரில் தெரியும். கூடவே புடைத்த எழுத்துகளின் விளிம்பு மழுங்கியிருக்கும். கம்பெனி பெயர் வார்க்கப்பட்ட இடத்தைச் சாய்ந்த வெளிச்சத்தில் போட்டோ எடுத்து அனுப்பச் சொல். வேண்டுமென்றே அளவைப் பெரிதாக்கி விடுகிற டூப்ளிகேட்டுகளும் உண்டு. அதனால் அளவு ஒன்றை மட்டும் நம்பாதே.

1985இல் ஹாஸ்ப்ரோ ஒரு சின்ன ஸ்டிக்கரையும் ஒட்டியது. விரலால் தேய்த்தால் அந்தச் சூட்டில் உள்ளிருக்கும் சின்னம் தெரியும். போலியைக் கண்டுபிடிக்கத்தான் அந்த ஏற்பாடு. இப்போது அதையும் தனியாக அச்சடித்து விற்கிறார்கள், ஆகவே ஸ்டிக்கர் இருப்பதாலேயே ஒரிஜினல் ஆகிவிடாது.

ஒரு பொம்மையின் மதிப்பு கடைசியில் மூட்டுகளில்தான் இருக்கிறது. இரும்பு பின் நுழைகிற துளையைச் சுற்றி வெள்ளையாகக் கோடு ஓடியிருந்தால் பிளாஸ்டிக் இழுபட்டிருக்கிறது. இன்னும் சில தடவை மடக்கினால் பிளக்கும். கண்ணாடிபோன்ற பிளாஸ்டிக்கில் பின் இருந்தால் லென்ஸ் வைத்துப் பார், அது ஏபிஎஸ்போல் வளைந்து கொடுக்காது. மினுமினுப்புத் துகள் கலந்து சுழி சுழியாகத் தெரியும் பொன்னிறப் பிளாஸ்டிக் உள்ள பழைய பொம்மை எதுவானாலும் கையில் வாங்கி மடக்கிப் பார்க்காதே. அந்தக் கலவை காலப்போக்கில் பிஸ்கட் மாதிரி உதிரும், சேகரிப்பவர்கள் அதற்குப் பயப்படுவது நியாயம்தான். மூட்டு லூஸாக இருப்பது அவ்வளவு பெரிய குறையல்ல, சரிசெய்துவிடலாம். உடைந்த துளையை முன்போல் ஆக்க முடியாது.

வெயில் படும் அலமாரியில் வைக்காதே, வெளிர்நிறப் பாகங்கள் மஞ்சளாகிவிடும். மழைக்காலத்தில் பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்று போட்டுவிடு.

விலையைப் பற்றி. வெளிநாட்டில் இவ்வளவுக்குப் போகிறது என்று ஒப்பிடாதே. பொம்மைகளுக்கான இறக்குமதி வரி 2020இல் 20 சதவீதத்திலிருந்து 60 ஆனது, 2023இல் 70 ஆனது. 2021 ஜனவரி 1 முதல் இங்கே விற்கும் பொம்மைகளுக்கு ஐஎஸ்ஐ முத்திரையும் கட்டாயம். புதிதாக வாங்கும்போது அட்டையில் அதைத் தேடு. நாற்பது வருஷத்துப் பொம்மையில் அது இருக்காது.

இதுவரை நீ உருமாறும் பொம்மை எதையும் மடக்கிப் பழகியதில்லை. அதனால் என் யோசனை, 2022இல் லெகசி வரிசையில் வந்த கிக்பேக் கிடைத்தால் முதலில் அதை வாங்கு. எந்த மூட்டு எந்தப் பக்கம் மடங்கும், எங்கே விரலை நிறுத்த வேண்டும் என்று கை பழகட்டும். பாம்ப்ஷெல் விற்கிறவரிடம் இடுப்பு மூட்டு, கொம்பின் அடி, வார்த்த எழுத்து மூன்றையும் கிட்டத்தில் எடுத்து அனுப்பச் சொல். வந்ததும் எனக்கு அனுப்பு. அவர் தர மறுத்தால் பணத்தைக் கையிலேயே வைத்துக்கொள்.

அன்புடன்,
மாமா