வீச்சு சமமானால் திட்ட விலக்கமும் சமமா?

மாணவர்களே, நான்காம் படிவக் கணிதத்தில் தரவின் பரவலை அளக்கக் கற்கிறோம். தேசிய மொழிப் பாடநூலில் ‘ஜூலாட்’ என்று வருவதே வீச்சு. ‘சிசிஹான் பியாவாய்’ என்று வருவதே திட்ட விலக்கம். இரண்டும் பரவலைத்தான் காட்டுகின்றன. ஆகவே, ஒன்று சமமானால் மற்றொன்றும் சமம் என எழுதிவிடுவது எளிது. ஆனால், அந்த விடைக்குப் புள்ளி கிடைக்காது.

ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். பள்ளிக் கூடைப்பந்துக் குழுவில் ஓரிடம் மட்டுமே உள்ளது. மூன்று மாணவர்கள் 5 நாள்களுக்கு, நாளுக்கு 12 முறை பந்தை எறிகின்றனர். கூடைக்குள் விழுந்த எண்ணிக்கை இதோ:

மாணவர் அ: 2, 6, 6, 6, 10
மாணவர் ஆ: 2, 2, 6, 10, 10
மாணவர் இ: 1, 6, 6, 6, 11

மூவருக்கும் சராசரி 6. யாரைத் தேர்ந்தெடுப்பது?

முதலில் வீச்சு. மிகப் பெரிய மதிப்பிலிருந்து மிகச் சிறிய மதிப்பைக் கழித்தால், அ-வுக்கு 8, ஆ-வுக்கு 8, இ-க்கு 10. வீச்சை மட்டும் பார்த்தால் அ-வும் ஆ-வும் ஒன்றே, இ-தான் மோசம்.

அடுத்து திட்ட விலக்கம். ஒவ்வொரு மதிப்பும் சராசரியிலிருந்து எவ்வளவு விலகியுள்ளது எனக் கண்டு, அதை வர்க்கமாக்கிக் கூட்டுங்கள். பிறகு 5-ஆல் வகுத்து வர்க்கமூலம் காணுங்கள்.

அ: 16 + 0 + 0 + 0 + 16 = 32; 32 ÷ 5 = 6.4, திட்ட விலக்கம் 2.53
ஆ: 16 + 16 + 0 + 16 + 16 = 64; 64 ÷ 5 = 12.8, திட்ட விலக்கம் 3.58
இ: 25 + 0 + 0 + 0 + 25 = 50; 50 ÷ 5 = 10; திட்ட விலக்கம் 3.16

வீச்சு சமமாக இருந்தும் அ, ஆ இருவரின் திட்ட விலக்கம் வேறு. இ-யின் வீச்சு ஆ-வைவிடப் பெரிது; திட்ட விலக்கமோ சிறிது! காரணம் இதுதான்: வீச்சு இரண்டு முனைகளை மட்டுமே பார்க்கிறது. திட்ட விலக்கம் நடுவில் உள்ளவற்றையும் சேர்த்து எல்லா மதிப்புகளையும் பார்க்கிறது. ஆ-வின் மதிப்புகளில் நான்கு முனைகளில் நிற்கின்றன.

எனவே தேர்வில் இப்படி எழுதலாம்: “மூவரின் சராசரியும் சமம். அ-வின் திட்ட விலக்கம் மிகச் சிறியது. ஆகவே அ-வின் ஆட்டமே மிகவும் சீரானது, அவரையே தேர்ந்தெடுக்கலாம்.” சராசரி சமம் என்பதைக் குறிப்பிட மறவாதீர்கள். சராசரி குறைந்தவர் சீராக ஆடினாலும் சிறந்தவர் ஆகிவிட மாட்டார்.

விடையைச் சரிபார்க்க ஒரு வழி: மொத்த எண்ணிக்கையால் வகுக்கும் இம்முறையில், திட்ட விலக்கம் வீச்சின் பாதியைத் தாண்டவே தாண்டாது. ஆ-வின் வீச்சில் பாதி 4, விடை 3.58, பொருந்துகிறது. உங்களுக்கு 5 என வந்திருந்தால், எங்கோ பிழை உள்ளது. கணக்கை மீண்டும் பாருங்கள்.

பயிற்சி: ஆ ஆறாம் நாளும் எறிந்து 6 பந்துகளைக் கூடைக்குள் போடுகிறார். வீச்சும் திட்ட விலக்கமும் மாறுமா? கணக்கிடும் முன் ஊகித்துப் பாருங்கள்.

விடை: வீச்சு மாறாது, 8-தான். சராசரியும் மாறாது. விலகல் இல்லாத ஒரு மதிப்பு சேர்வதால் 64-ஐ இப்போது 6-ஆல் வகுக்கிறோம். திட்ட விலக்கம் 3.27-ஆகக் குறையும்.