உண்ணிச்செடியும் மர விதைகளின் முளைப்பும்

குற்றால மலையடிவாரத்திலும், தென்காசி, செங்கோட்டைப் பக்கத்துத் தரிசுகளிலும் வேலியோரங்களிலும் உண்ணிச்செடி புதராய் மண்டிக் கிடக்கின்றது. அமெரிக்கக் கண்டத்து உஷ்ணப் பிரதேசங்களைச் சேர்ந்த இச்செடி, 1800-களின் துவக்கத்தில் அழகுக்காகக் கல்கத்தா தாவரத் தோட்டத்தில் வைக்கப்பட்டது. பறவைகள் கனியைத் தின்று விதையைப் பரப்பியதால் நாடெங்கும் பரவிற்று. இப்புதர் அடர்ந்த இடத்தில் வேங்கையும் மருதும் விதை உதிர்த்தும், இளங்கன்றுகள் அருகியே தோன்றும். நிற்கும் மரம் பட்டுப்போனால், அதன் இடத்தை நிரப்ப வேறு மரம் இராது.

இதற்குக் காரணம் இரண்டு. ஒன்று அடர்ந்த நிழல். மற்றொன்று மண்ணிற் சேரும் இரசாயனப் பொருள்கள். இலையிலுள்ள பீனாலிக் அமிலங்கள் முதலியவை மழைநீரிற் கரைந்தும், சருகு மக்கும்போது வெளிப்பட்டும் மண்ணில் இறங்கி, விதை முளைப்பதையும் இளவேர் நீள்வதையும் தடுக்கின்றன. ஒரு தாவரம் மற்றொன்றை இவ்வாறு பாதிப்பதற்கு, ஹான்ஸ் மோலிஷ் என்னும் ஆஸ்திரிய தாவர சாஸ்திரி 1937-ல் ‘அல்லெலோபதி’ எனப் பெயரிட்டார். ஆய்வுக்கூடங்களில் இலைச்சாற்றைக் கொண்டு இது காட்டப்பட்டுள்ளது. ஆயினும் காட்டில் நிழலின் பங்கையும் இரசாயனத்தின் பங்கையும் பிரித்தறிவது கடினம்.

குடியானவர் இதனைத் தாமே சோதிக்கலாம். புதரின் கீழுள்ள மேல்மண்ணை 5 தொட்டிகளிலும், அதே நிலத்தில் புதரில்லாத இடத்து மண்ணை 5 தொட்டிகளிலும் நிரப்பி, தொட்டிக்கு 10 புங்க விதை ஊன்றி, எல்லாவற்றையும் ஒரே வெளிச்சத்தில் வைத்து, ஒரே அளவு நீர் வார்த்து வரவேண்டும். முளைத்தவற்றை எண்ணிப் பார்க்கையில் பெரும் வேற்றுமை காணின், அது நிழலால் அன்று, மண்ணால் நேர்ந்தது எனக் கொள்ளலாம்.

புதரை மேலே வெட்டினால் அடிக்கட்டை மீண்டும் தழைக்கும். ஆதலால் சாரலில் மண் ஈரமாயிருக்கையில், காய் பழுக்குமுன், தண்டும் வேரும் கூடுமிடத்திற்குச் சற்றுக் கீழே வேரைத் துணித்து, புதரைத் தலைகீழாகக் கவிழ்த்து உலரவிட வேண்டும். சருகையும் வாரி அகற்ற வேண்டும். இலை கால்நடைகளுக்கு விஷமாதலால் தீவனத்திற் கலக்கலாகாது. பறவைகள் தங்கும் மரங்களின் அடியில் தோன்றும் உண்ணிக் கன்றுகளைத் தொடர்ந்து சில வருஷங்கள் பிடுங்கிவருதல் அவசியம்.

சுத்தம் செய்த நிலம் வெறுமையாய்க் கிடந்தால், உண்ணியே மீண்டும் அதைப் பிடித்துக்கொள்ளும். எனவே ஐப்பசி மழையிலேயே புங்கு, வேம்பு, நெல்லிக் கன்றுகளை நட்டுவிட வேண்டும். கிராமப் புறம்போக்குகளிலும் இவ்வேலை நடைபெறுமாறு கிராம உத்தியோகஸ்தர்கள் கவனித்தல் நலம். பட்டா நிலம் மட்டும் சுத்தமாயிருந்து பக்கத்துப் புறம்போக்கில் புதர் நின்றால், பறவைகள் மறுபடியும் விதையைக் கொணர்ந்துவிடும்.