ராம் காலில் தங்கம் எதற்கு?

ஒரு மழைக்காலத்தில் என் டெஸ்க்டாப் கம்ப்யூட்டரை ஆன் செய்தேன். மானிட்டரில் எதுவும் வரவில்லை. 'பீப், பீப்' என்ற சத்தம் மட்டும் வந்தது. கடையில் விசாரித்தால் "மதர்போர்டு போயிருக்கும், மாற்ற வேண்டும்" என்றார்கள். பணத்துடன் கிளம்பும் முன் நண்பர் ஒருவர் வந்தார். ராமைக் கழற்றி, அதன் மஞ்சள் நிறக் கால்களை பென்சில் ரப்பரால் மெல்லத் துடைத்துப் பொருத்தினார். கம்ப்யூட்டர் ஓடியது!

துடைத்ததில் என்ன நடந்தது? முதலில் மின்சாரம் எதில் ஓடும் என்று பார்ப்போம்.

செம்பில் ஒவ்வொரு அணுவும் தன் வெளிவட்டத்தில் உள்ள ஒரு எலக்ட்ரானை விட்டுவிடுகிறது. இவை கம்பி முழுவதும் சுதந்திரமாகத் திரிகின்றன. மின்னழுத்தம் கொடுத்ததும் ஒரே பக்கமாக நகர்கின்றன. இதுதான் மின்சாரம். பிளாஸ்டிக்கில் எலக்ட்ரான்கள் அணுக்களுடன் கட்டுண்டு கிடக்கின்றன, நகர முடியாது. அதனால்தான் ஒயரின் உள்ளே செம்பு, வெளியே பிளாஸ்டிக்.

சிலிக்கான் இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. சுத்தமான சிலிக்கான் மிகக் குறைவாகவே கடத்தும். அதில் பாஸ்பரஸ் அல்லது போரானைத் துளியளவு சேர்த்தால் நன்றாகக் கடத்தும். ராமில் உள்ள சிப்கள் இப்படித் தயாரானவையே.

உலோகங்களில் வெள்ளிக்கு முதலிடம். அடுத்து செம்பு. தங்கம் மூன்றாவதுதான், செம்பின் கடத்தும் திறனில் சுமார் 70 சதவீதமே அதற்கு உண்டு. பிறகு ஏன் ராம் காலில் தங்க முலாம்? செம்பு காற்றுபட்டு மங்கும், வெள்ளி கறுக்கும். அந்தப் படலம் மின்சாரத்தைச் சரியாக விடாது. தங்கம் அப்படி மாறுவதில்லை.

ஆனால் தங்கத்தின் மேலும் தூசியும் விரல் எண்ணெய்ப் பசையும் படியும். இவற்றில் மின்சாரம் ஓடாது. என் ராமை மறித்தது இந்த அழுக்குதான்.

நீங்களும் செய்து பார்க்கலாம். பவர் கேபிளைக் கழற்றுங்கள். கேபினட்டின் உலோகப் பகுதியை ஒருமுறை தொடுங்கள்; உடலில் சேர்ந்துள்ள நிலை மின்சாரம் இறங்கிவிடும். ராமின் ஓரத்தைப் பிடித்து எடுங்கள், கால்களில் விரல் படக்கூடாது. ரப்பர் தூளை நன்றாகத் தட்டிவிட்டுப் பொருத்துங்கள். உப்புத்தாள் மட்டும் வேண்டாம். முலாம் மிக மெல்லியது. தேய்ந்தால் மறுபடி வராது.

இதற்குப் பிறகும் பீப் சத்தம் வந்தால் மட்டும் கடைக்குப் போங்கள்.