ஒரு பாட்டு, இரண்டு மெட்டு

1939ஆம் ஆண்டு அக்டோபர் 11ஆம் நாள். ஐரோப்பாவில் ஐந்து ஆண்டுகள் வாழ்ந்து திரும்பியிருந்த கோல்மன் ஹாக்கின்ஸ் என்னும் கறுப்பின அமெரிக்கக் கலைஞர், நியூயார்க் நகரில் ஓர் இசைத்தட்டுக்காகச் சாக்ஸபோன் வாசித்தார். அவர் எடுத்துக்கொண்ட 'பாடி அண்ட் சோல்' புதிய பாட்டன்று. ஜானி கிரீன் 1930இல் இசையமைத்த காதற்பாட்டு. மக்கள் அதனை நன்கு அறிவர். தொடக்கத்தில் சிறிது நேரம் பழைய மெட்டு கேட்டது. பின்னர் அது மறைந்தது. எஞ்சிய பகுதி முழுவதும், எந்தத் தாளிலும் எழுதப்படாத புதிய மெட்டே ஒலித்தது.

அப்படியாயின் அதனை அதே பாட்டு என்று எவ்வாறு சொல்வது? இத்தகைய மேலைநாட்டுப் பாட்டின் அடியில், ஒருங்கே ஒலிக்கும் சுரக்கூட்டுகளின் வரிசை ஒன்று உண்டு. உடன் வாசித்தோர் அவ்வரிசையை விடாமல் பற்றியிருந்தனர். அதன்மேல் நின்றே ஹாக்கின்ஸ் தம் மெட்டை அந்நொடியில் படைத்தார். ஜாஸ் இசையின் உயிர்நிலை இதுவே.

கர்நாடக இசையில் இதனை மனோதர்மம் என்பர். கற்பனாசுரம் பாடுபவரும் முன்னரே எழுதிவைத்துப் பாடுவதில்லை. ஆயினும் அங்கு எல்லை வகுப்பது இராகம். இங்குச் சுரக்கூட்டு வரிசை.

கற்பனை மட்டும் இருந்தால் ஜாஸ் ஆகிவிடாது. தாளத்தில் ஓர் அசைவும் வேண்டும். ஒரு தட்டை இரண்டாகப் பகுத்து, முன்பாதியைச் சற்று நீட்டிப் பின்பாதியைக் குறுக்குவர். இதற்கு 'ஸ்விங்' என்று பெயர். ஏட்டில் எழுதிக் காட்டுவது அரிது. கேட்டே பழக வேண்டும். சில சுரங்களைச் சற்றே தாழ்த்தி வளைக்கும் வழக்கமும் உண்டு. அது 'ப்ளூஸ்' இசை தந்த கொடை.

இவ்விசை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நியூ ஆர்லியன்ஸ் நகரில் உருப்பெற்றது. ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டோரின் வழித்தோன்றல்களே இதனை வளர்த்தனர். எனினும், முதல் ஜாஸ் இசைத்தட்டு எனப்படுவது 1917இல் வெள்ளையர் குழு ஒன்றின் பெயரில் வெளிவந்தது. இக்கலையின் வரலாற்றைப் படிப்போர் இச்செய்தியைக் கடந்து செல்லலாகாது.

ஹாக்கின்ஸின் இசைத்தட்டு பெரும்புகழ் பெற்றது. நொடிப்பொழுதில் பிறந்த அந்த மெட்டைப் பின்வந்த சாக்ஸபோன் கலைஞர் பலர், சுரம் பிசகாமல் மனப்பாடம் செய்தனர்.

சிந்தித்து எழுதுக

1. பழைய மெட்டு மறைந்த பின்னும் பாட்டு மறையவில்லை. ஏன்?

2. ஹாக்கின்ஸ் வாசித்ததை ஒருவர் மனப்பாடம் செய்து அப்படியே வாசித்தால், அதனை ஜாஸ் எனலாமா? உம் கருத்தைக் காரணத்துடன் எழுதுக.